பாவுகல்லுக்குள் எந்தக் கழிவு, எவ்வளவு, எத்தனை நாள்

அட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை என்று மலையகத்தின் எந்த நகரத்துக்குப் போனாலும் கோயில் முற்றங்களிலும் பாடசாலை வாசல்களிலும் கடைகளின் முன்பக்கங்களிலும் இன்டர்லொக் கல், அதாவது தரையில் பதிக்கும் பாவுகல், பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தோட்டங்களில் லயங்களை (வரிசை வீடுகளை) விட்டுத் தனி வீடுகளுக்குக் குடிபோனவர்களும் வீட்டுக்கு ஏறும் பாதைக்கு இப்போது இதையே விரும்புகிறார்கள். இத்தகைய கற்களை வார்க்கும் சிறிய களமொன்றில் கலவைக்குப் பொறுப்பாக இருப்பவன் என்ற முறையில், என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்றுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன். "கண்ணாடித் தூள், சாம்பல், பிளாஸ்டிக் எல்லாம் போட்டால் கல் இன்னும் பலமாகுமாமே தம்பி, உண்மையா?" என்று எங்களிடம் கல் வாங்கும் மேசன்மார் கேட்கிறார்கள். சில கழிவுகள் கல்லை உண்மையிலேயே வலுவாக்கும். சில கழிவுகள் கல்லுக்குள் ஒளிந்துகொள்ள மட்டுமே செய்யும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் கையில் கிடைத்ததையெல்லாம் கலவையில் கொட்டுவது, கழிவையும் வீணாக்கிச் சீமெந்தையும் வீணாக்கும் வேலை என்பது என் உறுதியான கருத்து.

மலைநாட்டில் ஒரு பாவுகல் தாங்கவேண்டியவை சமதரையில் இருப்பவற்றிலிருந்து வேறுபட்டவை. செங்குத்தான ஏற்றத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி பிரேக் பிடிக்கும்போது, சுமை கீழ்நோக்கி அழுத்துவதோடு நில்லாமல் கல்லைப் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அந்த நீரை உறிஞ்சும் கல்லில் பாசி பிடிக்கிறது. பாசி பிடித்த ஏற்றத்தில் பாடசாலைப் பிள்ளைகளும் கொழுந்துக் கூடையோடு வரும் பெண்களும் வழுக்கி விழுகிறார்கள். எனவே இங்கே நெருக்கு வலிமை, அதாவது நசுங்காமல் தாங்கும் சுமை, என்ற ஒரே எண்ணைப் பார்த்துக் கல்லை மதிப்பிட முடியாது. அது எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது, மேற்பரப்பு எவ்வளவு விரைவில் தேய்கிறது என்பவையும் அதே அளவுக்கு முக்கியமானவை. இலங்கையில் பாவுகற்களுக்கென்று எஸ்.எல்.எஸ். 1425 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. இந்தியாவின் ஐ.எஸ். 15658 நீர் உறிஞ்சலைச் சராசரியாக 6 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துகிறது. ஐரோப்பியத் தரமான ஈ.என். 1338 நெருக்கு வலிமையைக் கேட்பதேயில்லை. கல்லைப் பிளந்து பார்த்து, சதுர மில்லிமீற்றருக்கு 3.6 நியூட்டன் பிளவு வலிமையாவது இருக்கவேண்டும் என்கிறது. பாதையில் கல் உடையும் விதத்தோடு நெருங்கிவருவது இந்த மூன்றாவது முறைதான் என்று நான் நினைக்கிறேன்.

கழிவு எப்படி வலு சேர்க்கிறது என்பதை விளங்கிக்கொள்ளச் சீமெந்துக்குள் நடப்பதை அறியவேண்டும். சீமெந்து நீரோடு சேர்ந்து இறுகும்போது இரண்டு பொருட்கள் உருவாகின்றன. ஒன்று, மணலையும் சல்லியையும் பிணைக்கும் நீரேறிய கல்சியம் சிலிக்கேற்று. கல்லின் உண்மையான பலம் இதுதான். மற்றையது கல்சியம் ஐதரொட்சைட்டு, அதாவது சுண்ணாம்பு. இதனால் பலத்துக்குப் பெரிய பயனில்லை, மழைநீரில் மெல்லக் கரைந்து கல்லின் மேல் வெள்ளைப் படிவமாக வெளிவருவதும் இதுவே. இந்தச் சுண்ணாம்போடு தாக்கமுறக்கூடிய சிலிக்காவை மிக நுண்ணிய தூளாகக் கலவையில் சேர்த்தால், பயனற்றிருந்த சுண்ணாம்பும் பிணைக்கும் பொருளாக மாறிவிடுகிறது. கற்களுக்குள் இருக்கும் நுண்துளைகள் அடைபடுகின்றன, நீர் உறிஞ்சல் குறைகிறது, சில மாதங்களில் வலிமை தனிச் சீமெந்துக் கல்லை எட்டிப்பிடித்துத் தாண்டவும் செய்கிறது. இது நமக்குப் புதியதும் அல்ல. சுட்ட செங்கல்லை இடித்துப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு சேர்த்த சுர்க்கிச் சாந்தை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தினார்கள். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லும் கொண்டு எழுந்தது. நவீன ஆய்வுகூடங்கள் விளக்கும் இரசாயனத் தாக்கமும் அந்தச் சாந்துக்குள் நடந்த தாக்கமும் ஒன்றுதான்.

ஆனால் இந்தத் தாக்கம் மிக மெதுவானது. குளிர் அதை மேலும் மெதுவாக்கும். இந்த ஓர் உண்மையை மலையகத்தில் கல் வார்ப்பவர்கள் எல்லோரும் மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். தை மாத இரவுகளில் அது 10 பாகைக்கும் கீழே இறங்கும், சில விடியல்களில் புல்லில் உறைபனியும் படியும். வெப்பநிலை 10 பாகை குறைந்தால் இத்தகைய தாக்கங்களின் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. கொழும்பிலோ குருநாகலிலோ வார்த்த கல் 28 நாளில் காட்டும் வலிமையை, அதே கலவையில் நுவரெலியாவில் வார்த்த கல்லும் 28 நாளில் காட்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. சீமெந்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சாம்பலாக மாற்றிவிட்டு, வார்த்த இரண்டாம் வாரமே கல்லை லொறியில் ஏற்றினால், ஓரம் உடைந்த கற்கள்தான் வேலைத்தளத்தில் இறங்கும். பிறகு பழி சாம்பலின் மேல் விழுகிறது. அந்தக் கல்லுக்குக் கிடைக்காதது நாட்களும் வெப்பமும் ஈரமும் மட்டுமே.

இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நம் மலையகத்துக்கு மிகவும் பொருத்தமான கழிவு கண்ணாடி என்றே கருதுகிறேன். நுவரெலியா, எல்ல, பண்டாரவளைப் பகுதிகளின் ஹோட்டல்களும் விடுதிகளும் போத்தல்களைக் குவித்துக்கொண்டே இருக்கின்றன. உடைந்ததையும் கலப்பு நிறத்தில் உள்ளதையும் வாங்க ஆள் குறைவு. தொலைவிலுள்ள கண்ணாடித் தொழிற்சாலைக்கு ஏற்றி அனுப்பினால் லொறிக் கூலிக்கே காசு போதாது. சாதாரணப் போத்தல் கண்ணாடியில் 70 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா, அதுவும் படிகமாகாத சிலிக்கா. அதை 75 மைக்ரோனுக்கும் (0.075 மில்லிமீற்றருக்கும்) நுண்ணியதாக அரைத்துச் சீமெந்தில் 10 முதல் 20 சதவீதம் வரை மாற்றாகச் சேர்த்தால், முன்னர் சொன்ன தாக்கம் நிகழும். எங்கள் களத்தில் நான் பின்பற்றும் எளிய சோதனை, தூளை ஈரப்படுத்தி விரலிடையே தேய்த்துப் பார்ப்பது. நறநறப்பு சிறிதேனும் இருந்தால் அது திரும்ப அரைக்கும் ஆலைக்குள் போகவேண்டும்.

நறநறப்பை ஏன் இவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறேன் என்றால், அதே கண்ணாடி பரும்படியாக இருந்தால் நேர்மாறான வேலையைச் செய்யும். சீமெந்திலுள்ள காரத்தோடு கண்ணாடித் துண்டின் மேற்பரப்பு தாக்கமுற்று, நீரை உறிஞ்சி வீங்கும் பசை ஒன்றை உருவாக்குகிறது. ஈரம் தொடர்ந்து கிடைக்கும் இடத்தில் அந்தப் பசை வீங்கிக்கொண்டே போய்க் கல்லை உள்ளிருந்து வெடிக்கவைக்கும். எங்கள் மண்ணில் ஈரத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லை என்பதால், அழகுக்காக நிறக் கண்ணாடித் துண்டுகளை மேற்பரப்பில் பதித்துத் தரும்படி கேட்பவர்களிடம் நான் சம்மதிப்பதில்லை. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: இனிப்புப் பானப் போத்தல்களைக் கழுவாமல் அரைக்கக்கூடாது. சர்க்கரை மிகச் சிறிய அளவில் இருந்தாலும் சீமெந்து இறுகுவதைத் தாமதப்படுத்திவிடும். கழுவுவதற்கு ஆட்கூலி ஆகும், அதைக் கணக்கில் சேர்த்துத்தான் கண்ணாடித் தூளின் விலையைப் பேசவேண்டும்.

நிலக்கரிச் சாம்பல் நாடறிந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011இல் முதல் அலகோடு தொடங்கி, 2014இல் 900 மெகாவாற் கொள்ளளவை எட்டியது. அங்கே புகைபோக்கியில் பிடிக்கப்படும் நுண்சாம்பல் சீமெந்து உற்பத்திக்குப் பெருமளவில் போகிறது. இதன் துகள்கள் உருண்டையானவை என்பதால் கலவை இலகுவாக நகரும், நீரைக் குறைக்கலாம். நீர் குறைந்தாலே வலு கூடும். இருந்தாலும் வடமேற்குக் கரையிலிருந்து மலைக்கு ஏற்றிவரும் கூலியைப் பார்த்தால், சிறிய களங்களுக்கு அது அவ்வளவு மலிவான பொருளாக இருப்பதில்லை.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் விடயம் ஒன்று உண்டு. கடையில் வாங்கும் சீமெந்துப் பையில் எஸ்.எல்.எஸ். 107 என்று இருந்தால் அது சாதாரண போட்லண்ட் சீமெந்து, எஸ்.எல்.எஸ். 1247 என்று இருந்தால் அது கலப்புச் சீமெந்து, அதற்குள் சாம்பல் போன்ற பொருள் தொழிற்சாலையிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. கலப்புச் சீமெந்தை வாங்கி, அதிலும் 20 சதவீதத்தைச் சாம்பலாக மாற்றினால், உண்மையில் மாற்றப்பட்ட பங்கு நாம் நினைத்ததைவிட மிகவும் அதிகம். பல்கலைக்கழக ஆய்வுகளில் வரும் சதவீதங்கள் பெரும்பாலும் சாதாரண போட்லண்ட் சீமெந்தை அடிப்படையாகக் கொண்டவை. பையைப் படிக்காமல் அந்தச் சதவீதத்தைப் பின்பற்றும் களத்தில் கல் பலவீனமாவது இயல்பானதே. 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் 50 கிலோகிராம் பையின் விலை இரு மடங்குக்கும் மேலாக ஏறியபோது, சீமெந்தைக் குறைக்கும் ஆசை எல்லோருக்கும் வந்தது. அந்த ஆசையில் தவறில்லை, ஆனால் எதைக் குறைக்கிறோம் என்பதை முதலில் அறிந்திருக்கவேண்டும்.

உமிச் சாம்பலைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஓராயிரம் கிலோகிராம் நெல்லில் ஏறக்குறைய 200 கிலோகிராம் உமி. அதை எரித்தால் 40 கிலோகிராம் அளவில் சாம்பல். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு வரை சிலிக்கா. இதைச் சீமெந்தோடு சேர்க்கும் முறையை 1970களில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் குமார் மேத்தா முறையாக ஆராய்ந்து வளர்த்தார். எரிக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 700 பாகையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சிலிக்கா படிகமாகித் தாக்கமுறும் ஆற்றலை இழந்துவிடும். ஆலைக் கொதிகலனில் கட்டுப்பாடின்றி எரிந்த கறுப்புச் சாம்பலில் எரியாத காபன் நிறைய இருக்கும், அது நீரைக் குடிக்கும். பதுளைப் பக்கத்துக் களங்களுக்கு மகியங்கனையின் அரிசி ஆலைகள் கிட்ட இருப்பதால், அவர்கள் இதை முயன்று பார்க்கலாம். அட்டன் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அது தொலைவு.

பழைய கட்டடங்களை இடிக்கும்போது கிடைக்கும் செங்கல்லும் ஓடும் அரைத்தால் சுர்க்கிதான். நுண்ணியதாக அரைக்கும் வசதியும், சாந்தையும் மண்ணையும் பிரித்தெடுக்கும் பொறுமையும் இருப்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கல்குவாரித் தூளைத்தான் நாங்கள் அதிகம் பயன்படுத்துகிறோம், ஏனெனில் ஆற்றுமணல் விலையும் அதற்கான அனுமதிச் சிக்கலும் வருடத்துக்கு வருடம் கூடுகின்றன. இது இரசாயன முறையில் எதையும் செய்யாது; இடைவெளிகளை நிரப்புவதால்தான் பலம் தருகிறது. உடைத்த கல்லின் துகள்கள் கோணல்மாணலாக இருப்பதால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், அழுத்தி வார்க்கும் கல்லுக்கு அது நல்லது. ஆனால் நம் மலைகளின் பாறை எல்லாம் ஒரே வகையல்ல. சார்னோகைற் போன்ற கருநிறப் பாறையின் தூள் சிறந்தது. மினுமினுக்கும் அப்பிரகம் (மைக்கா) நிறைந்த நைஸ் பாறையின் தூள் ஆபத்தானது. அப்பிரகம் தகடு தகடாகப் பிரியும், சீமெந்து அதைப் பற்றாது, நீரையும் பிடித்துவைக்கும். ஒரு கண்ணாடிப் போத்தலில் தூளையும் நீரையும் இட்டுக் குலுக்கி, வெயிலில் வைத்துப் பார்த்தால், மேலே மிதந்து பளபளக்கும் தகடுகள் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். புதிய குவாரியிலிருந்து லொறி வரும் ஒவ்வொரு முறையும் நான் இதைச் செய்வதுண்டு. தூளைக் கையாள்வோர் முகக்கவசம் அணியவேண்டும் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். பாறைத் தூளிலுள்ள படிகச் சிலிக்கா நுரையீரலில் தங்கி வருடக்கணக்கில் அரிக்கும், அதற்கு மருந்தில்லை. எங்கள் களத்தில் தூளை நனைத்த பின்னரே வாரவேண்டும் என்பது விதி.

தேயிலைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் விறகுச் சாம்பலைப் பலர் ஆர்வத்தோடு கொண்டுவந்து காட்டுகிறார்கள். கொழுந்தை உலர்த்தும் வெப்பத்துக்காக விறகு எரிப்பதால் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் சாம்பல் குவிகிறது. இலவசமாகவும் கிடைக்கும், கிட்டவும் இருக்கிறது. இருந்தும் இதை நான் கல்லில் சேர்ப்பதில்லை. விறகுச் சாம்பலில் சிலிக்கா குறைவு, கல்சியம் காபனேற்றும் பொற்றாசியமும் கரித்துண்டும் அதிகம். பொற்றாசியம் காரத்தைக் கூட்டும். கண்ணாடித் தூளோடு சேர்ந்தால் நான் முன்னர் சொன்ன வீக்கத்துக்கு அதுவே வழிவிடும். அதே பொற்றாசியம் மண்ணுக்கு உரம். தேயிலைச் செடி 4.5 முதல் 5.5 வரையான பி.எச். உள்ள அமில மண்ணை விரும்புவதால் தேயிலை மலைக்கு, அமிலத்தைக் குறைக்கும் இந்தச் சாம்பலை அளவின்றிப் போடக்கூடாது. ஆனால் லீக்ஸும் கோவாவும் போடும் மரக்கறித் தோட்டத்தின் அமிலம் கூடிய மண்ணுக்கு இது நன்மையே. தேயிலைத் தூசியையும் இலைக்கழிவையும் கல்லில் சேர்க்கும் யோசனையையும் கைவிடவேண்டும். அவற்றிலிருந்து கசியும் கரிமப் பொருட்கள் சீமெந்தை இறுகவிடாமல் தடுக்கும்.

பிளாஸ்டிக்கைப் பற்றி எழுதுவதற்குத் தயக்கம் இருக்கிறது, ஏனெனில் நல்ல எண்ணத்தோடு முயல்பவர்களின் மனத்தைப் புண்படுத்த விரும்பவில்லை. மணலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் துண்டுகளைச் சேர்த்தால் கல்லின் நெருக்கு வலிமை குறையும்; சீமெந்து பிளாஸ்டிக்கைப் பற்றாது என்பதே காரணம். டயர் இறப்பர்த் துகளுக்கும் இது பொருந்தும். மெல்லிய இழைகளாக வெட்டிய போத்தல் பிளாஸ்டிக் மிகச் சிறிய அளவில் வெடிப்பு விரிவதைத் தடுக்கும், அந்தப் பயனை மறுக்கவில்லை. ஆனால் பாதைக்கல் தேயும் பொருள். நாம் வாழும் இந்த மலைகள் களனியும் மகாவலியும் பிறக்கும் இடம். மஸ்கெலியா ஓயாவிலும் கெசல்கமு ஓயாவிலும் விழுவது களனியோடு அம்பத்தளை வரை போய்க் கொழும்பின் குடிநீராகிறது. கொத்மலை ஓயாவில் விழுவது மகாவலியின் வயல்களுக்குப் போகிறது. இந்த நீரேந்துப் பகுதியில் வருடமெல்லாம் தேய்ந்து கழுவப்படும் கல்லுக்குள் பிளாஸ்டிக்கை வைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. பிளாஸ்டிக்கை உருக்கி மணலோடு சேர்த்து வார்க்கும் முறை கொங்கிறீட்டே அல்ல. திறந்த அடுப்பில் அதை உருக்குபவர் சுவாசிக்கும் புகையை நினைத்தால், அதைச் சிறுதொழிலாகப் பரிந்துரைக்கவும் முடியாது.

பொருள் சரியாக அமைந்த பின்னரும் கலவை நீரும், வார்த்த கல்லை ஈரமும் வெப்பமும் குறையாமல் வைக்கும் பராமரிப்பும் எஞ்சியிருக்கின்றன. இயந்திரத்தில் அதிர்த்து அழுத்தும் கல்லுக்குக் கலவை ஏறக்குறைய உலர்ந்திருக்கவேண்டும். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கவேண்டும், உள்ளங்கை நனையக்கூடாது. பிளாஸ்டிக் அச்சில் ஊற்றும் கல்லுக்கு மேசன்மார் நீரைத் தாராளமாகவே விடுகிறார்கள். மேற்பரப்பு பளபளப்பாக வரும், வலு குறைவாக இருக்கும். வார்த்த கல்லை வெளியே அடுக்கி "மழை பெய்யுது, பனி விழுது, தண்ணீர் ஊற்றத் தேவையில்லை" என்று விட்டுவிடுவது நம் பகுதியின் பொதுவான பழக்கம். பனி ஈரத்தைத் தரலாம், ஆனால் வெப்பத்தைத் திருடுகிறது. தை, மாசி மாதங்களின் காற்றோ ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. எங்கள் களத்தில் கற்களை நனைத்துத் தடித்த பொலித்தீன் விரிப்பால் முழுவதுமாக மூடி, பகல் வெயில் படும் பக்கத்தில் வைக்கிறோம். சீமெந்து இறுகும்போது தானே வெளிவிடும் வெப்பம் விரிப்புக்குள் தங்குவதால், உள்ளே கைவிட்டால் வெதுவெதுப்பு தெரியும். முதல் வாரத்து வெதுவெதுப்பு, சாம்பலோ கண்ணாடியோ சேர்ந்த கல்லுக்கு மிகவும் வேண்டியது.

இவ்வளவையும் செய்து வார்த்த கல் சந்தைக்கு வரும்போது ஒரு தடையைச் சந்திக்கிறது. பாதை வேலைகளுக்கான கேள்விப்பத்திரங்கள் பெரும்பாலும் 28 நாள் வலிமையையே கேட்கின்றன. வருட முடிவுக்குள் நிதியைச் செலவழிக்கும் அவசரத்தில் அந்த 28 நாளுக்குக்கூடக் காத்திருக்காத இடங்கள் உண்டு. கழிவு சேர்ந்த கல்லை மலையகத்தில் ஊக்குவிக்க விரும்பும் பிரதேச சபைகளிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் நான் கேட்பவை சில. சாம்பல், கண்ணாடித் தூள் சேர்ந்த கல்லுக்கு 56 நாள் வலிமையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வலிமையோடு நீர் உறிஞ்சலையும் சோதித்து எழுதித் தரச்சொல்லுங்கள். சோதனைக்கான கற்களைக் கொழும்பின் வெப்பத்தில் அல்லாமல், அவை வார்க்கப்பட்ட அதே களத்தில் வைத்துப் பராமரித்த பின்னரே உடைத்துப் பாருங்கள். எந்தப் பையின் சீமெந்து, எந்தக் கழிவு, எத்தனை சதவீதம், எந்தத் திகதியில் வார்த்தது என்ற நான்கு விவரங்களை ஒவ்வொரு லொறிச் சுமையோடும் தரும்படி களங்களைக் கட்டாயப்படுத்துங்கள். எங்கள் களத்தில் இந்த விவரங்களை ஏற்கெனவே பதிவேட்டில் எழுதி வருகிறோம். கேட்கும் எவருக்கும் அதைத் திறந்து காட்டவும், கலவையின் அளவுகளைச் சொல்லித்தரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.